மோஹர் பாறைகளுக்குப் போகிறீர்களா? பப்பை முதலில் முடிவு செய்யுங்கள், அறை அப்புறம்

நீங்கள் கேட்டது இதுதான்: ஜூன் மாதம் டப்ளினிலிருந்து கிளேர் மாவட்டத்துக்குப் போய் கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் என்ற கடலோரச் செங்குத்துப் பாறைகளைப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு பேர், பத்து வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மா சுத்த சைவம். இரண்டு ராத்திரி தங்க நல்ல கெஸ்ட் ஹவுஸும் சாயங்காலம் உட்கார நல்ல பப்பும் பாறைகளுக்குப் பக்கத்திலேயே வேண்டும், கார் எடுப்பதா பஸ்ஸே போதுமா என்றும் தெரியவில்லை. நான் லிமெரிக்கில் இருக்கிறேன், வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போவதே என் வேலையாகிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"பாறைகளுக்குப் பக்கத்திலேயே" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். பாறைகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. 2007இல் மலைச் சரிவுக்குள்ளேயே குடைந்து கட்டிய பார்வையாளர் மையம் இருக்கிறது, எதிரே பெரிய கார் பார்க்கிங் இருக்கிறது, மிச்சமெல்லாம் மாடு மேயும் புல்வெளி. சாயங்காலம் டூரிஸ்ட் பஸ்கள் கிளம்பிப் போனதும் அந்த இடத்தில் காற்றைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அறை தேடும் தளங்களில் "பாறைகளிலிருந்து 2 கிலோமீட்டர்" என்று போட்டு அழகான வீடுகள் வரும், பெயரிலேயே மோஹர் என்று இருக்கும், ஜன்னலில் கடல் தெரியும். அதில் பாதி வீடுகள் ஆர்478 சாலையோரம் தனியாக நிற்பவை. அங்கிருந்து எந்தப் பப்புக்கும் நடந்து போக முடியாது. நடைபாதை இல்லை, தெருவிளக்கு இல்லை, இரண்டு பக்கமும் கல்சுவர், வளைவில் வண்டி வந்தால் ஒதுங்க இடம் இல்லை.

அப்போது என்ன ஆகும்? ராத்திரி பப்புக்குக் காரில் போக வேண்டும், ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. அயர்லாந்தில் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் எல்லை, புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு 20. அதாவது ஒரு பைன்ட் (பெரிய கிளாஸ்) பீர் குடித்துவிட்டு "பக்கம்தானே" என்று வண்டி எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. டாக்ஸி கூப்பிடலாமே என்றால், அந்தப் பக்கம் டாக்ஸி விரல்விட்டு எண்ணும் அளவுதான், முன்கூட்டியே பேசி வைக்காமல் பதினொன்றரைக்கு ஃபோன் போட்டால் வருவதற்கு ஆள் இருக்காது. எனவே என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: எந்தப் பப்பில் சாயங்காலத்தைக் கழிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து நடக்கிற தூரத்தில் படுக்கையைத் தேடுங்கள். பாறைகளுக்குக் காலையில் பத்து நிமிடம் வண்டியில் போய்க்கொள்ளலாம், அவை எங்கேயும் நகரப் போவதில்லை.

இந்தக் கணக்கில் முதலில் வருவது டூலின். பாறைகளுக்கு வடக்கே, காரில் பத்துப் பதினைந்து நிமிடம். சின்ன ஊர்தான், ஆனால் ஒரே இடத்தில் குவிந்திருக்காது. கீழே கடலுக்குப் பக்கமாக ஃபிஷர் ஸ்ட்ரீட், கலர் கலராக ஒரு வரிசைக் கடைகள், ஸ்வெட்டர் கடை, சாக்லேட் கடை. மேலே ஆற்றைத் தாண்டி ரோட்ஃபோர்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் போல இருக்கும், இடையில் ஹோட்டல் டூலின். அறை எடுக்கும்போது "டூலின்" என்று மட்டும் பார்க்காமல் இந்த இரண்டில் எதற்குப் பக்கம் என்று வரைபடத்தில் பாருங்கள், ஏனென்றால் டூலின் என்று விலாசம் போட்டு மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடுகளும் உண்டு.

ஃபிஷர் ஸ்ட்ரீட்டில் இருப்பது கஸ் ஓ'கானர்ஸ் பப். 1832 என்று பலகையிலேயே எழுதியிருக்கும். எல்லாப் பயணக் குறிப்புகளிலும் இந்தப் பெயர்தான் முதலில் வரும், அதனால் கூட்டமும் இங்கேதான் முதலில் வரும். அதற்காகப் போகாமல் விட வேண்டியதில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு முன்போ, சாயங்காலம் ஐந்தரை மணிக்கோ போய்விட்டால் சாப்பாட்டுக்கு நல்ல இடம். இசை கேட்க நான் ரோட்ஃபோர்டுக்குத்தான் போவேன். அங்கே மெக்கேன்ஸ், மெக்டெர்மட்ஸ் என்று இரண்டு பப் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. மெக்டெர்மட்ஸ் 1867இலிருந்து இருப்பது. ஒன்றில் இடமில்லை என்றால் அடுத்தது, அவ்வளவுதான். கோடையில் இரண்டிலும் ஒன்பது, ஒன்பதரை மணிக்கு ஒரு மூலையில் பிடில்காரர் ஒருவர் வந்து உட்காருவார், அப்புறம் ஒரு கான்செர்டினா (சின்னக் கைத்துருத்தி வாத்தியம்), ஒரு புல்லாங்குழல், யாராவது ஒருவர் பௌரான் என்கிற தோல்வாத்தியத்தைப் பையிலிருந்து எடுப்பார். ஆரம்பம் என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இசையில் இவ்வளவு புகழ் எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் அந்த ஊர்க்காரர்களே. டூலினில் பிறந்த மீக்கோ ரஸ்ஸல் (1915–1994) டின் விசில் வாசிப்பில் பெரிய பெயர், அவருடைய தம்பிகள் பாக்கி, கஸ்ஸி இருவரும் வாசித்தவர்கள். விவசாயம் செய்துகொண்டு சாயங்காலம் பப்பில் வாசித்த குடும்பம். 1960, 70களில் அவர்களைக் கேட்கவென்றே ஐரோப்பாவிலிருந்து முதுகுப்பையோடு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள், ஹாஸ்டல்கள் வந்தன, அப்புறம் பி அண்ட் பி, அப்புறம் ஹோட்டல். இன்றைக்கும் பிப்ரவரியில் அவர்கள் பெயரில் ஒரு வார இறுதி நினைவு விழா நடக்கிறது. சுற்றுலாவுக்காகப் பப்பில் பாட்டு வைத்த ஊர் இல்லை இது, பாட்டு இருந்ததால் சுற்றுலா வந்த ஊர். கூட்டம் எவ்வளவு வந்தாலும் மூலையில் உட்காருகிறவர்களின் வாசிப்பு தரமாக இருப்பது அதனால்தான்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது டூலின் என்றாலும், மற்ற ஊர்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜூனில் டூலினில் அறை கிடைக்காமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஜூன் முதல் திங்கள் இங்கே பொது விடுமுறை, அதை ஒட்டிய சனி ஞாயிறு நிரம்பிவிடும். அதே மாதத்தில் ஒரு வார இறுதியில் டூலின் நாட்டுப்புற இசை விழாவும் வரும், அந்தத் தேதியில் உங்களுக்கு விழா வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அந்த மூன்று நாளைத் தவிர்த்துவிடுங்கள், வாரநாளில் வந்தால் இன்னும் நல்லது.

லிஸ்கானர். பாறைகளுக்குத் தெற்கே, டூலினை விடப் பக்கம், ஆனால் பாதி ஆட்களுக்கு இந்த ஊர் ஞாபகத்துக்கே வராது. ஒரே தெரு, சின்ன மீன்பிடித் துறைமுகம், ஒரு சில பப். அதில் வான்ஸ் ஆங்கர் இன் மீன் சாப்பாட்டுக்குப் பேர் போனது, அம்மாவுக்கு ஆகாது, உங்களுக்கு ஆகும். ஜோ மெக்ஹியூஸ் பழைய பாணிப் பப், உள்ளூர்க்காரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் உள்ளே போனால் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடருவார்கள். நீர்மூழ்கிக் கப்பலை வடிவமைத்த ஜான் ஹாலண்ட் 1841இல் பிறந்தது இந்த ஊரில்தான், பையனிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் காட்டுங்கள்: இந்த வட்டாரத்தில் தரையிலும், வேலியாக நிற்க வைத்த பலகைக்கற்களிலும், சில பப்களின் சுவரிலும்கூட புழு ஊர்ந்தது போலக் கோடுகள் ஓடும். அது யாரும் செதுக்கியது இல்லை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடிச் சேற்றில் ஏதோ உயிர் ஊர்ந்து போன தடம், சேறு கல்லானபோது அப்படியே நின்றுவிட்டது. லிஸ்கானர் கல் என்று நாடு முழுக்க விற்கிறார்கள். விரலால் தடவினால் மேடு தெரியும்.

இசையை விட அமைதி முக்கியம், அம்மா ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவார் என்றால் லிஸ்கானர்தான் சரி.

லஹிஞ்ச் கடற்கரை ஊர். அலைச்சறுக்கு, கோல்ஃப், ஐஸ்கிரீம், சத்தம். பையனுக்குப் பிடிக்கும், தங்க நிறைய இடம் உண்டு, பப்கள் இளைஞர் கூட்டமாக இருக்கும். நான் அங்கே தங்க மாட்டேன், மதியம் போய்விட்டு வருவேன். அதிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என்னிஸ்டைமன் என்று ஒரு பழைய சந்தை ஊர், கடைகளின் முகப்பெல்லாம் பழைய மரவேலை, கையெழுத்துப் பலகை, ஊருக்கு நடுவே ஆறு படிப்படியாக விழுகிறது. டூரிஸ்ட் ஊர் என்ற முகம் இல்லாமல், சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்கிற ஊர். விலையும் டூலினை விடக் குறைவாக அமையும். கார் இருந்தால் இதுதான் கெட்டிக்காரத்தனமான தேர்வு, பாறைகளுக்கு இருபது நிமிடம்.

லிஸ்டூன்வார்னா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பயணக் கட்டுரைகளில் "அறை நிறையக் கிடைக்கும்" என்று இதைத்தான் எழுதியிருப்பார்கள். கந்தக நீரூற்றுக்கு வந்து தங்குகிறவர்களுக்காக வளர்ந்த ஊர், அதனால் ஊர் அளவுக்கு மீறிய ஹோட்டல்கள் இருந்தன. 2022க்குப் பிறகு அவற்றில் பல உக்ரேனிலிருந்து வந்த அகதிகளுக்குத் தங்குமிடமாயின. எனவே பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு நேரே போய் நிற்காதீர்கள். செப்டம்பரில் இங்கே வரன் பார்க்கும் திருவிழா, உண்மையாகவே திருமணத் தரகர் உட்கார்ந்து பேர் எழுதிக்கொள்கிற விழா, ஒரு மாதம் நடக்கும், அப்போது குடும்பத்தோடு வருவது வீண். மற்ற நேரத்தில் ரோட்சைட் டேவர்ன் என்ற பப்புக்காக ஒரு வேளை சாப்பிட வரலாம், அவர்களே பீர் காய்ச்சுகிறார்கள். மீனைப் புகையூட்டிப் பதப்படுத்தும் பர்ரன் ஸ்மோக்ஹவுஸும் அதே ஊரில்தான்.

கில்ஃபெனோராவில் தங்குவதை விட, 1909இல் தொடங்கிய கேய்லி (கூடி ஆடும் நாட்டுப்புற நடனம்) இசைக்குழுவின் ஊர் என்பதற்காகவும் பழைய கற்சிலுவைகளுக்காகவும் வழியில் நிறுத்தினால் போதும்.

சரி, பெயர் தெரியாத ஊரில் போய் நிற்கிறீர்கள், எந்தப் பப் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இணைய நட்சத்திரங்களை நான் பெரிதாக நம்புவதில்லை, கடல் தெரிகிற பப்புக்கு எப்போதும் அரை நட்சத்திரம் கூடுதலாக வந்துவிடும். தங்கியிருக்கும் வீட்டு அம்மாளிடம் கேளுங்கள், ஆனால் "நல்ல பப் எது" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோருக்கும் சொல்கிற பதிலைத்தான் சொல்வார். "இன்றைக்கு ராத்திரி நீங்கள் போவதாக இருந்தால் எங்கே போவீர்கள்" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பெயர் வரும், இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள் என்பதும் சேர்ந்து வரும். இதற்கு மேல் நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மற்ற அடையாளங்கள் சில உண்டு. வாத்தியக்காரர்களுக்கு முன் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து, ஒரே ஆள் கிட்டாரோடு எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைப் பாடுகிறார் என்றால் அது கூட்டத்துக்கான நிகழ்ச்சி, தப்பில்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அது இல்லை. செஷன் என்றால் மேசையைச் சுற்றி அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், உங்களைப் பார்த்து இல்லை. மார்கழி பஜனையில் பாட்டுத் தெரிந்தவர் யார் வந்தாலும் சேர்ந்துகொள்வது மாதிரி, மெட்டு தெரிந்த யாரும் வாத்தியத்தோடு வந்து உட்காரலாம். சாப்பாட்டைப் பொறுத்தவரை, பட்டியல் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் நம்பலாம். எட்டுப் பக்கம், படங்களோடு, ஐந்து மொழியில் என்றால் மதியம் பஸ்ஸில் வருகிறவர்களுக்காக நடக்கும் சமையலறை. பிரவுன் பிரெட் அங்கேயே சுடுகிறார்களா என்று பாருங்கள், சுட்டால் ஓரம் மொறமொறவென்று, உள்ளே ஈரமாக, கையில் உதிரும். அது நன்றாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

செஷனில் நடந்துகொள்வதற்கு எழுதாத விதிகள் உண்டு. கூட்டமான பப்பில் ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தால், குறிப்பாக கணப்புக்குப் பக்கத்தில், அது உங்கள் அதிர்ஷ்டம் இல்லை, வாத்தியக்காரர்கள் இடம். கேட்டுவிட்டு உட்காருங்கள். வாசிக்கும்போது பேசலாம், எல்லோரும் பேசுவார்கள், ஆனால் யாராவது வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடத் தொடங்கினால் பப் முழுக்க "ஷ்" என்று ஒரு சத்தம் ஓடும், அப்போது கிளாஸைக்கூட மேசையில் வைக்காதீர்கள். தாளம் தட்டாதீர்கள், நமக்குக் கை தானாகப் போகும், ரீலும் ஜிக்கும் வேறு வேறு நடை, தப்பாகத் தட்டினால் வாசிப்பவருக்கு எரிச்சல். படம் பிடிக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். காசு போடத் தட்டு இருக்காது. மனம் நிறைந்தால் அடுத்த இடைவெளியில் "அவர்களுக்கு ஒரு சுற்று" என்று பாரில் சொல்லிக் காசு கொடுத்துவிடலாம், அதுவே மரியாதை.

சென்னை, பெங்களூர் பப் மாதிரி இருட்டாக, அதிர்கிற சத்தத்தோடு இருக்கும் என்று அம்மா தயங்கினால், கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டிகள் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் பானையில் டீ வரும், கின்னஸ் வேண்டும் ஆனால் மது வேண்டாம் என்றால் கின்னஸ் 0.0 பல பப்களில் உண்டு. ஆர்டரை பாரிலேயே போய்ச் சொல்லி அங்கேயே பணம் கட்டுவது வழக்கம். கின்னஸ் பாதி ஊற்றி நிறுத்தி, அடங்கவிட்டு, பிறகுதான் நிரப்புவார்கள், பாதி கிளாஸைப் பார்த்துக் கையை நீட்டிவிடாதீர்கள். இந்தப் பக்கம் ஒரு பைன்ட் 6 யூரோ அளவில் இருக்கும், டப்ளின் டெம்பிள் பாரில் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது மலிவாகவே தெரியும்.

பையன் விஷயத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோருடன் பப்பில் இருக்கலாம், ஆனால் இரவு 9 மணி வரைதான், மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. நீங்கள் ஜூனில் வருவதால் பத்து மணி கிடைக்கும். செஷன் ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்குகிறது என்றால் பையனுக்கு அரை மணி, ஒரு மணி நேர இசை. கோடையில் சில இடங்களில் சாயங்காலமே ஒரு செஷன் வைக்கிறார்கள், அதை முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் முழுக் குடும்பமும் கேட்கலாம். பிறகு ஒருவர் பையனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அறைக்கு நடக்க, இன்னொருவர் மிச்சத்தைக் கேட்கலாம். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். அறை நடக்கிற தூரத்தில் இருந்தால்தான் இந்த ஏற்பாடே நடக்கும். இன்னொன்று, சாப்பாடு. பப் நள்ளிரவு வரை திறந்திருந்தாலும் சமையலறை ஒன்பது மணிக்கு மூடிவிடும், சில இடங்களில் எட்டரைக்கே. ஜூனில் பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, வெளிச்சத்தைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கிறது" என்று பாறையில் நின்றுவிட்டு வருகிறவர்கள் சிப்ஸ் பாக்கெட்டோடு தூங்கப் போவதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். "வெஜிடேரியன்" என்றால் இப்போது எல்லாப் பப்பிலும் புரியும், ஆனால் நம் வீட்டுச் சைவத்தின் கண்டிப்பு புரியாது. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி எலும்புச் சாறில் செய்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். சௌடர் என்றால் மீன், அதை விட்டுவிடுங்கள். உருளை வறுவல் மீன் பொரித்த எண்ணெயிலேயே போட்டிருக்கலாம், அதையும் கேளுங்கள், தனி எண்ணெய் வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். டோஸ்டட் ஸ்பெஷல் என்ற சாண்ட்விச்சில் ஹாம் இருக்கும், "ஹாம் வேண்டாம், சீஸ், தக்காளி, வெங்காயம் போதும்" என்றால் செய்து கொடுப்பார்கள், எந்தப் பப்பிலும் கைகொடுக்கும் சாப்பாடு இதுதான். இந்த மாவட்டத்திலேயே இனா என்ற ஊரில் செய்யும் செயின்ட் டோலா ஆட்டுப்பால் சீஸ் பல பட்டியல்களில் சாலட்டோடு வரும், அம்மாவுக்கு அந்த வாசனை பிடிக்குமா என்பது வேறு விஷயம். ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி அறை. கெஸ்ட் ஹவுஸ், பி அண்ட் பி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பி அண்ட் பி என்றால் ஒரு குடும்பம் தான் இருக்கும் வீட்டில் மூன்று நான்கு அறையை விடுவது, கெஸ்ட் ஹவுஸ் அதைவிடப் பெரிது, கொஞ்சம் ஹோட்டல் சாயல். உங்களுக்கு நான்கு பேர், எனவே குடும்ப அறை ஒன்றா, இரண்டு அறைகளா என்று முதலிலேயே தெளிவாகக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் அறை உண்டா என்றும் கேளுங்கள், இந்த வீடுகளில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும், அம்மாவின் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன். வாசலில் ஃபால்ட்டே அயர்லாந்தின் பச்சை ஷாம்ராக் இலைப் பலகை இருந்தால் அரசுச் சுற்றுலா அமைப்பு வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த வீடு என்று பொருள். இல்லாததெல்லாம் மோசம் என்று இல்லை, ஆனால் தெரியாத இடத்தில் அது ஒரு பிடிமானம்.

குறிப்பிட்ட வீட்டுப் பெயர்களை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இவை குடும்பங்கள் நடத்துபவை, வீட்டுக்காரருக்கு வயதானால் மூடிவிடுவார்கள், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், ஐந்து வருடத்துக்கு முந்தைய சிபாரிசு இன்றைக்குப் பூட்டிய கதவாக இருக்கும். அதற்குப் பதில் இப்படித் தேடுங்கள்: வரைபடத்தில் ரோட்ஃபோர்டு மெக்டெர்மட்ஸை நடுவில் வைத்து, பதினைந்து நிமிட நடைக்குள் வரும் வீடுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த ஆறு மாத விமர்சனங்களை மட்டும் படியுங்கள், அதிலும் காலைச் சாப்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காலைச் சாப்பாட்டில் அக்கறை காட்டுகிற வீட்டில் படுக்கை விரிப்பும் சுத்தமாகவே இருக்கும். பிறகு அந்த வீட்டுக்கு நேரடியாக ஃபோன் போடுங்கள் அல்லது மின்னஞ்சல் எழுதுங்கள். தளங்களுக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாவதால் சிலர் விலையைக் குறைப்பார்கள், குறைக்காவிட்டாலும் நல்ல அறையை ஒதுக்குவார்கள், முக்கியமாக அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி ஒரு மனிதரிடம் சொல்ல முடியும். கோடையில் இரண்டு பேர் அறை 100 யூரோவுக்குக் கீழே வந்தால் ஏன் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

காலைச் சாப்பாட்டில் என்ன சொல்ல வேண்டும் என்றால், முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். ஃபுல் ஐரிஷ் என்பது சாசேஜ், ரேஷர் எனும் பன்றி இறைச்சி, கருப்பு புட்டிங், வெள்ளை புட்டிங், முட்டை, தக்காளி, காளான், டோஸ்ட். புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று அம்மா எடுத்துவிடப் போகிறார்: கருப்பில் பன்றி ரத்தம், வெள்ளையில் பன்றி இறைச்சி. காளானையும் தக்காளியையும் பெரும்பாலும் அந்த இறைச்சி வறுத்த அதே வாணலியில்தான் வதக்குவார்கள், "தனி வாணலியில் செய்ய முடியுமா" என்று பணிவாகக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஓட்ஸ் கஞ்சி, பீன்ஸ், பிரவுன் பிரெட், வெண்ணெய், வீட்டு ஜாம் இவையெல்லாம் எப்படியும் இருக்கும். அயர்லாந்து வெண்ணெய்க்கு அம்மா ரசிகையாகிவிடுவார், எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

வந்து சேரும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். வரவேற்பு மேசையில் ஆள் உட்கார்ந்திருக்கும் இடம் இல்லை அது, வீட்டுக்காரர் உங்களுக்காகக் காத்திருப்பார், அவருக்கும் கடைக்குப் போக வேண்டியிருக்கும். அப்புறம் எயர்கோடு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண், தெருப் பெயர் எதுவும் இருக்காது. 2015இல் ஒவ்வொரு விலாசத்துக்கும் தனித்தனியாக ஏழு எழுத்துக் குறியீடு ஒன்று கொடுத்தார்கள், அதை மேப்பில் போட்டால் நேரே அந்த வாசலில் கொண்டுபோய் விடும். வீட்டுப் பெயரை மட்டும் போட்டால் பக்கத்து ஊரில் அதே பெயரில் இன்னொரு வீட்டில் போய் நிற்பீர்கள்.

காரா பஸ்ஸா? பஸ் ஏரன் என்ற அரசுப் பஸ் நிறுவனத்தின் 350ஆம் எண் பஸ் கால்வேயிலிருந்து என்னிஸ் வரை போகிறது, வழியில் லிஸ்டூன்வார்னா, டூலின், பாறைகள், லஹிஞ்ச், என்னிஸ்டைமன் எல்லாம் வந்துவிடும். டப்ளினிலிருந்து கால்வேக்கோ என்னிஸுக்கோ ரயிலில் வந்து இதைப் பிடிக்கலாம். டூலினில் தங்கினால் பஸ்ஸே போதும் என்பது என் கருத்து, பாறைகளுக்கு அதே பஸ், அரன் தீவுகளுக்கு டூலின் துறையிலிருந்தே படகு, பப்புக்கு நடை. ஆனால் பஸ் மணிக்கொன்று என்று நினைக்காதீர்கள், நாளுக்குச் சில தடவைதான், கடைசி பஸ் நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். லிஸ்கானரோ என்னிஸ்டைமனோ எடுத்தால், அல்லது அம்மாவால் அதிகம் நடக்க முடியாது என்றால், கார்தான். ராத்திரி ஃபிஷர் ஸ்ட்ரீட்டுக்கும் ரோட்ஃபோர்டுக்கும் இடையில் நடக்கும்போது ஆளுக்கொரு டார்ச் கையில் இருக்கட்டும், ஃபோன் வெளிச்சம் வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படாது.

அங்கேயே தங்குவதன் உண்மையான லாபம் பாறைகளைப் பார்க்கும் நேரத்தில்தான் இருக்கிறது. டப்ளின், கால்வே பஸ்கள் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை கொண்டுவந்து கொட்டும். நீங்கள் காலை எட்டு மணிக்கோ சாயங்காலம் ஆறரை மணிக்கு மேலோ போங்கள். டிக்கெட்டை இணையத்தில் எடுத்தால் நேரத்தைப் பொறுத்து விலையும் மாறும், கூட்டமில்லாத நேரம் மலிவு. 1835இல் கட்டிய ஓ'பிரையன் கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் உயரம் அதிகம், 214 மீட்டர். ஜூன் என்பதால் கோட் தீவு என்கிற பாறைத்திட்டில் பஃபின் பறவைகள் இருக்கும், ஜூலைக் கடைசிக்குள் கடலுக்குப் போய்விடும், எனவே ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். டூலினிலிருந்து பாறை விளிம்பையொட்டி நடந்தே வரும் பாதை ஒன்று உண்டு, அழகானதுதான், ஆனால் விபத்துகளுக்குப் பிறகு அதில் சில பகுதிகளை மூடியிருக்கிறார்கள். பையனையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு அதை முயல வேண்டாம். அதற்குப் பதில் டூலின் துறையிலிருந்து பாறைகளுக்கு அடியில் கூட்டிப்போகும் படகில் ஏறுங்கள், அலை அதிகமாக இருந்தால் அன்றைக்குப் படகு ஓடாது, ஆகவே முதல் நாளுக்கே டிக்கெட் போடுங்கள், ரத்தானால் இரண்டாம் நாள் கையில் இருக்கும்.

அறையை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். டூலினில் ரோட்ஃபோர்டு பக்கம், இல்லையென்றால் லிஸ்கானர், அதுவும் இல்லையென்றால் காரோடு என்னிஸ்டைமன், இந்த வரிசையில் தேடுங்கள். தேதியைச் சொன்னால் அன்றைக்கு விழா ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.